கால் வைத்தால் ஒன்று

அவள் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு கடைக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலு நடை நடப்பாள். டீ எங்கே தீர்கிறதோ அங்கே நின்று "இந்தாண்ணா" என்று நீட்டுவாள். டீக்கடைக்காரர் பத்தடி வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். பஸ் சிக்னலில் நின்றால் இறங்கி நடந்துபோய் அடுத்த ஸ்டாப்பில் அதே பஸ்ஸில் ஏறுவாள். என் வீட்டுக்கு வந்தால் நாற்காலியின் நுனியில் அரை உட்கார்தல்தான், அதுவும் சட்னி அரைக்கிற நேரம் வரைக்கும். அதற்குள் என் சமையலறையில் உப்பு ஜாடி இடம் மாறியிருக்கும்.

"காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே பிறந்திருக்கிறது" என்பார் என் அப்பா. வண்ணாரப்பேட்டையில் நாற்பது வருஷம் மளிகைக்கடைக் கல்லாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். நான் அவருடைய மகள். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எனக்கும் அவளுக்கும் எப்படி ஒத்துப்போனது என்று கேட்காதவர்கள் கிடையாது.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் ஆபீஸில், கம்ப்யூட்டர் முன்னால். அவள் வெளியே, வெயிலில். வந்து இறங்குகிற பெட்டிகளில் எங்கே நசுங்கல், எங்கே துரு என்று தட்டிப் பார்த்து எழுதித் தர வேண்டும். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நிற்க வேண்டும். எங்காவது வெளிச்சம் பொட்டாகத் தெரிந்தால் அங்கே ஓட்டை. மற்றவர்களுக்கு இது இரண்டு நிமிஷ வேலை. அவள் இருபது வினாடியில் வெளியே வந்துவிடுவாள். "உள்ள நின்னா மூச்சு முட்டுதுடி. யாரோ என்னிய பேக் பண்ணி அனுப்புற மாதிரி கீது" என்பாள். ஆனால் ஒரு ஓட்டையையும் விட்டதில்லை.

கல்யாணம் ஆகி ஒரே வருஷத்தில் வியாசர்பாடிக்குத் திரும்பி வந்துவிட்டவள். அம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறையும் ஒரு வராண்டாவும். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. திருவொற்றியூரில் அப்பாவும் நானும் மட்டும். நேரம் கெட்ட நேரத்தில் எங்கள் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அவள்தான். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில், யாரும் வந்து எடுக்காமல் கிடந்த ஒரு பெட்டியை ஏலம் விட்டார்கள். ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுச் சாமான். பூஞ்சை பிடித்த சோபா, முள் உடைந்த கடிகாரம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மோட்டார் சைக்கிள். சீட் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை. டேங்க் சின்னச் சோற்றுப்பானை அளவு. சைலன்சர் இடுப்பு உயரத்தில் ஓடியது. ஏலத்தில் எடுத்த பழைய இரும்புக்கடைக்காரர் அதை எடைக்குப் போடுவதா வேண்டாமா என்று சுற்றிச் சுற்றி வந்தார். ஐம்பது வருஷத்து ஸ்பெயின் வண்டி என்றார்.

"இதுல எங்க குந்துறது நைனா?" என்று கேட்டாள் அவள்.

"இது குந்துற வண்டி இல்லம்மா. நின்னுகினே ஓட்டணும்."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். உட்கார இடமே இல்லாத ஒரு வண்டியை உலகத்தில் யாரோ அவளுக்கென்றே செய்திருக்கிறார்கள். எடை விலை பேசி வாங்கிவிட்டாள்; அன்று சாயங்காலமே வண்டி என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டது. அவள் வீட்டில் ஆட்களை வைக்கவே இடமில்லை.

அது எதற்கான வண்டி என்பதை போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாள். டிரையல்ஸ் என்று ஒரு விளையாட்டு. அதில் வேகம் கிடையாது. பாறை மேலும் சேற்றிலும் கயிறு கட்டிப் பாதை விட்டிருப்பார்கள். கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் வைத்தால் ஒன்று. விழுந்தால், எஞ்சின் நின்றுபோனால் அஞ்சு. யார் குறைவாக வாங்குகிறார்களோ அவர்தான் ஜெயித்தவர். நடக்கிறதை விட மெதுவாகப் போகிற விளையாட்டு. பஸ் சிக்னலில் நிற்கப் பொறுக்காதவள் இதைத்தான் பிடித்துக்கொண்டாள்! நாய்க்கும் பூனைக்கும் கல்யாணம், ஒரு மாதம் தாங்காது என்று நினைத்தேன்.

கடல் அரிக்காமல் இருக்க எங்கள் பக்கம் கரை நெடுகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆட்டோ அளவுக் கல்லும் இருக்கும், அம்மிக்கல் அளவும் இருக்கும். அதுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். காலை ஆறு மணிக்கு வருவோம். நான் கீழே நின்று எண்ண வேண்டும். முதல் நாள் கல்லே ஏறவில்லை. மணலில் நின்ற இடத்தில் நிற்கப் பழகினாள். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பி, கிளட்சைப் பாதி பிடித்து, முட்டியை வளைத்து, வண்டி போகவும் போகாமல் விழவும் விழாமல் நிற்க வேண்டும். மூன்று வினாடி நிற்பாள். நாலாவது வினாடியில் அவளுக்குப் பொறுக்காது. ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவாள், வண்டி அவளை உதறிவிட்டு ஓடும்.

"ஒண்ணு!" என்று நான் கத்துவேன்.

ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு வண்டி நகர்வதற்குள் டிரைவர் குளித்து, துணி துவைத்து, காயவைத்தும் எடுத்துவிடலாம். பொழுது போகாத அந்த மனிதர்களுக்கு நாங்கள் தினசரி காட்சி ஆனோம். கேபின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களும் எண்ண ஆரம்பித்தார்கள். "ரெண்டு... மூணு... யக்கா, ரைட்ல சாய்!" விழுந்தால் மொத்த வரிசையும் ஆரன் அடிக்கும். அவளுடைய முழங்காலுக்குக் கீழே கத்திரிக்காய் நிறம் வந்துவிட்டது. அவள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்ச பொண்ணுதான? நீயாவது சொல்லக்கூடாதா?" என்றார். படிச்ச பொண்ணு கீழே நின்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அந்த வண்டியில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடத்தை எல்லாவற்றுக்கும் சொல்லுவாள். "பயந்தா கால வையிடி. கால் வெச்சா ஒண்ணோட போச்சு. வெக்கமாட்டேன்னு முறுக்கிகினு நின்னா அஞ்சு." யார்டு மேனேஜர் ஒருதடவை என்னை எல்லார் முன்னாலும் திட்டினார். நான் பதில் சொல்லாமல், மூன்று நாள் சாப்பிடாமல், ராஜினாமாக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன். "அப்பவே 'சார், தப்பு எம்மேல இல்ல'ன்னு சொல்லிருந்தா ஒண்ணு. இப்ப அஞ்சு வாங்கிகினு பட்டினி கெடக்குற" என்று சொல்லி, அவளே உள்ளே போய் அவரிடம் பேசிவிட்டு வந்தாள்.

ஓட்டுவதாவது எப்படியோ வந்தது. வண்டியைச் சும்மா விடுவதுதான் வரவில்லை. பழைய வண்டி, உப்புக்காற்றில் தினம் ஒன்று கெடும். கெட்டதைச் சரி பண்ணினால் யார் கேட்கப் போகிறார்கள்? நன்றாக ஓடுகிறதையும் பிரிப்பாள். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிசாக மாற்றினாள், மெதுவாகப் போவதற்கு. கால் வைக்கிற கம்பியை வெட்டி இரண்டு விரல்கடை பின்னால் தள்ளி ஒட்டவைத்தாள். ஹேண்டிலைத் தினம் ஒரு கோணத்தில் திருப்புவாள். ஒரு புதன்கிழமை வண்டி பாட்டுப் பாடுகிற மாதிரி ஓடியது; ஏழு கல்லை ஒரே ஒரு தடவை கால் வைத்துத் தாண்டினாள். வியாழக்கிழமை காலை நான் படி இறங்கி வந்தால் கார்புரேட்டர் செய்தித்தாள் மேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

"நல்லாத்தானே ஓடிச்சு? ஏன்டி கை வைக்கிற?"

"நல்லா ஓடுதுன்னா இன்னும் நல்லா ஓடும்னு அர்த்தம்டி."

காற்று விஷயம் தனிக் கூத்து. கல்லைக் கவ்விப் பிடிக்க அந்த வண்டியின் டயரில் காற்று மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும். சாதாரண வண்டிக்கு முப்பது பவுண்டு என்றால் இதற்குப் பின்னால் நாலு, முன்னால் ஆறு. கட்டைவிரலால் அழுத்தினால் இட்லி மாவு மாதிரி அமுங்கும். எங்கள் ஊரிலோ காற்று இறங்கின டயரைப் பார்த்துவிட்டுச் சும்மா போக யாருக்கும் மனசு வராது. போகிறவர், வருகிறவர், மீன்கூடை தூக்கிப் போகிற அம்மாள் எல்லாரும் சொல்வார்கள்: "ம்மா, டயர்ல காத்து இல்ல பாரு!" ஒருதடவை டிரெய்லர் டிரைவர் ஒருவர், அவள் டீ குடித்து வருவதற்குள் ஆசை ஆசையாகக் கைப்பம்பால் முழுசாக அடித்துவைத்திருந்தார். அவள் அவரைத் திட்டவில்லை. வால்வை அழுத்தி, காற்று சீறி வெளியேறுகிற வரைக்கும் பக்கத்தில் நின்று, "நல்ல மன்சுக்காரங்க தொல்ல தாங்கல சாமி" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்னாலும் இரண்டு டயரையும் விரலால் அழுத்திப் பார்ப்பாள், வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி.

இரண்டு வருஷம் ஓடியது. அவள் கல்லில் ஓடுகிற வீடியோவை யாரோ ஒரு டிரைவர் எடுத்துப் போட, அது எங்கெங்கோ சுற்றியது. நீலகிரிப் பக்கம் மலையில் இந்த வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடம் நடத்துகிறவர் ஒருவர் போன் பண்ணினார். மணலிக்கு அந்தப் பக்கம் ஒரு கல் மைதானத்தில் பழைய வண்டிக்காரர்கள் கூடிப் போட்டி நடத்துகிறார்கள்; நானும் வருகிறேன்; அங்கே நீங்கள் ஓட்டுவதை நேரில் பார்க்க வேண்டும்; சரியாக இருந்தால் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிற வேலை தருகிறேன், தங்க இடமும் உண்டு என்றார்.

"மலைடி" என்றாள். என் வீட்டுக் கூடத்தை நாலு தடவை அளந்தாள். "முழுக்கக் கல்லுடி. கன்டெய்னரே கெடையாது."

அவள் நகர்த்திவிட்ட நாற்காலியைப் பழைய இடத்தில் இழுத்துப் போட்டேன். "நல்லதுதானே" என்றேன்.

ஒரு பயம் இருந்தது அவளுக்கு. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு போட்டிக்குப் போயிருந்தோம். கிளம்புகிற காலையில் கை சும்மா இருக்காமல் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றினாள். இரண்டாவது கல்லிலேயே வண்டி மூச்சை விட்டுவிட்டது. இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை முடித்துத் துடைத்து, படிக்குக் கீழே நிறுத்தினாள். "இதுக்கு மேல நீ வண்டியத் தொடக் கூடாது. ஓட்டும்போதுதான் கை படணும். என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன்.

தலையில் கை வைத்தாள். "சத்தியம்டி. தொடமாட்டேன். பெட்ரோல மட்டும் நீ போட்டுடு" என்றாள்.

ஞாயிறு விடிந்ததும், சர்ச்சுக்கு உடுத்துகிற புடவையிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். காற்றில்லாத டயர் தள்ளத் தள்ளக் கனத்தது. பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு நான் சில்லறை வாங்கத் திரும்பினேன். அதற்குள் காற்று அடிக்கிற பெரியவர் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்து, கேட்காமலே இரண்டு டயருக்கும் அடித்துவிட்டார். "சப்பையா தள்ளிகினு போறியேம்மா, டியூப் கெட்டுடும்" என்று வால்வு மூடியையும் அவரே திருகி மாட்டினார்.

முன்னால் ஆறு, பின்னால் நாலு. எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் பக்கத்தில் நின்றவள், எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, குனிந்து, பின்டயர் வால்வின் மூடியைக் கழற்றினேன். நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. மூடியை மறுபடியும் திருகி வைத்தேன். எப்படியும் அவள் பார்ப்பாள், இருபது தடவை பார்க்கிறவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் வாங்கின சத்தியம் அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

மைதானத்தில் முதல் ஆளாக அவளைக் கூப்பிட்டார்கள். நானும் டிரைவரும் வண்டியைக் குட்டி யானை மினி லாரியிலிருந்து இறக்கிக் கோட்டுக்குத் தள்ளிப்போனது இருபதடி தூரம்தான். அவ்வளவு நேரமும் அவள் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றிருந்தாள், தொட்டுவிடுவோமோ என்று. ஏறி நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு மாதிரி குதிக்குதுடி. டயர மட்டும் ஒரு வாட்டி தொட்டுப் பாத்துக்குறன்."

"சத்தியம் பண்ணியிருக்க" என்றேன்.

அவள் தலையாட்டினாள். விசில் அடித்தார்கள்.

முதல் கல்லில் முன்சக்கரம் பந்து மாதிரி எகிறியது. எப்படியோ பிடித்தாள். இரண்டாவது ஈரக்கல். பின்சக்கரம் கவ்வவில்லை, வழுக்கியது. கால் வைத்திருக்கலாம். ஒன்றோடு போயிருக்கும். ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவள் அன்றைக்கு வைக்கவில்லை. நீலகிரிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அவளைத் தூக்கிப் பக்கத்துக் கல்மேல் போட்டது. இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது போலவே இருந்தது.

தரையில் உட்கார்ந்தபடியே, வலது கையை நீட்டிப் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது அமுங்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காய்கிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் அவள் கால்கூட ஆடவில்லை. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"பங்க்குல அந்தப் பெரியவர் அடிச்சிட்டாரு. நான் பாத்தேன். எறக்கலாம்னு மூடியக்கூடக் கழட்டினேன். எறக்கல" என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "டீ வாங்கிகினு வா" என்றாள்.

ஆறு வாரம் கட்டோடு இருந்தாள். மறுவாரமே காலை ஆறு மணிக்கு எப்போதும் போல என் கதவைத் தட்டினாள். வண்டியை என்னைத் தள்ளிவரச் சொல்லி, கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, காற்று அளக்கிற சின்ன மீட்டரை என் கையில் கொடுத்தாள். "எறக்கு." நான் குனிந்து வால்வை அழுத்துவேன். முள் நாலுக்கு வந்ததும் "போதும்" என்பாள். பிறகு ஒற்றைக்கையோடு அங்குமிங்கும் நடந்துகொண்டே, என்னை வண்டிமேல் ஏற்றி நிற்க வைப்பாள். நான் இரண்டு வினாடி நிற்பேன், விழுவேன். டிரெய்லர் வரிசையே சிரிக்கும். தினமும் இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் திட்டியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு ஆறியிருப்பேன்.

கட்டு பிரித்த ஒன்பதாவது நாள் ஏழு கல்லையும் தாண்டினாள். எண்ணுவதற்கு எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. டிரைவர்களும் மூச்சுக் காட்டவில்லை, கடைசிக் கல்லில் இறங்கின பிறகுதான் ஆரன். அங்கேயே நின்று நீலகிரிக்காரருக்குப் போன் பண்ணினாள். இன்னொரு வாட்டி பாருங்க சார் என்றாள். அவர் பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

கிளம்புகிற அன்று வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் கயிறு கட்டினோம். அன்றைக்குத்தான் கேட்டேன். "எம்மேல கோவமாடி?"

முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கோவம் இன்னா கோவம். ஒண்ணு சொல்றேன் கேளு. அன்னிக்கு நல்லா ஓட்டிருந்தேன்னு வெச்சிக்க, போயிருக்க மாட்டேன்டி. அந்தாளு 'வா'ன்னு கூப்புடணும், நான் 'வரல சார்'னு சொல்லிட்டு உன் வூட்டுக்கு வந்து இட்லி துன்னணும். அவ்ளோதான் நெனச்சிகினு இருந்தேன். அம்மாவ வுட்டுட்டு, உன்ன வுட்டுட்டு எங்க போறது? வுழுந்துட்டேன் பாரு, அதான் பேஜாரா பூடுச்சு. பாதில நின்னத என்னால வுட முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

நான் கையிலிருந்த கயிற்று நுனியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"வாயத் தொறந்து 'போவாதடி'ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒண்ணோட போயிருக்கும்" என்றாள். "நீ அஞ்சு வாங்கிட்ட."

முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். உடனே எட்டிப் பார்த்தாள், கயிறு சரியாக இருக்கிறதா என்று. டிரைவர் வண்டியை எடுத்தார். அது தெருமுனைக்குப் போகிற வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன். முனையில் தண்ணி லாரி ஒன்று குறுக்கே நிற்க, வண்டி நின்றது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். பக்கத்தில் போவதற்குள் லாரி நகர்ந்துவிட்டது.

"போகாதடி!" என்று கத்தினேன். தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தொரு வயதில் நான் தெருவில் கத்தியது அதுதான் முதல் தடவை.

ஜன்னல் வழியாக அவள் தலை வெளியே வந்தது. சிரித்தாள். முறிந்து கூடிய அந்த இடது கையை நீட்டி, ஒற்றை விரலைக் காட்டினாள்.